இரண்டாவது பெயர்

எங்கள் குழுவில் உயிரிரசாயனம் படித்த அக்கா ஒருவர் இருக்கிறார். கம்பஸில் இரண்டாம் வருசம் செய்முறை வகுப்பில் 'பிஸ்க்–சுப்பாராவ் முறை' என்று ஒன்றைச் செய்து பொஸ்பரஸ் அளந்தாராம். சோதனைக்குழாய்க்குள் நீலம் வரும். நீலம் எவ்வளவு கடுமையோ, அவ்வளவு பொஸ்பேற் இருக்கிறது என்று கணக்கு. "சுப்பாராவ் எண்டது ஒரு ஆள் எண்டே எனக்குத் தெரியாது, ஏதோ கெமிக்கலிண்ட பெயராக்கும் எண்டு நினைச்சன்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் விளங்கியது, அந்த ஆளைப் பற்றி ஒரு வசனம் சொல்லக்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து தேடித்தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் இரண்டு பேர் இப்போது ஆராய்ச்சிப் பட்டம் செய்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஒரு ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணை வைத்துத்தான் இன்றைக்கு ஆய்வாளருக்கு வேலை, பதவியுயர்வு, நிதி எல்லாம். கூகிள் ஸ்கொலரில் அந்த எண் ஒன்று கூடினாலே ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புகிற காலம். அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று யாராவது கேட்டால், சுப்பாராவின் வாழ்க்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தவர். இன்றைக்கு அது ஆந்திரா. அன்றைக்குச் சென்னை மாகாணம். படிப்பில் அப்படியொன்றும் கெட்டிக்காரப் பிள்ளை இல்லை. சிறு வயதில் காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார், தாய் பிடித்துக் கொண்டுவந்தார் என்றொரு கதை உண்டு. மெட்ரிக்குலேஷன் பரீட்சையை மூன்றாவது தடவையில்தான் பாஸ் பண்ணினார். ஏ.எல்லில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எடுக்கிற பிள்ளைகளை எங்கட ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இந்த வரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அது காந்தியின் ஒத்துழையாமைக் காலம். இவர் கதர்த்துணியில் தைத்த சத்திரசிகிச்சை அங்கியோடு வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்தும், எம்.பி.பி.எஸ் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ் தகுதியோடு வெளியே வரவேண்டியதாயிற்று. அந்த இளவயதிலேயே வீட்டில் இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோயிருந்தார்கள். வெப்பவலய நாடுகளில் வருகிற ஸ்ப்ரூ என்ற குடல் நோய். சாப்பாட்டிலுள்ள சத்து உடம்பில் ஒட்டாது, இரத்தம் சோகை பிடிக்கும். பின்னாளில் இவர் கை வைத்த போலிக் அமிலம் இந்த நோய்க்கே மருந்தானது. கதைக்காக நாங்கள் கோர்த்துவிட்டதல்ல, உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது.

சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் கொஞ்சக்காலம் படிப்பித்துவிட்டு, மாமனாரின் உதவியோடும் ஒரு தர்மநிதியின் பணத்தோடும் 1920களின் தொடக்கத்தில் பொஸ்டனுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரில் நின்றார். எல்.எம்.எஸ்ஸை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் டொக்டராக வேலை செய்ய ஏலாது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை: படுக்கைச் சட்டிகளைக் கழுவுகிற வேலை. பகலில் ஹார்வர்டில் வெப்பவலய மருத்துவப் படிப்பு. அதை முடித்ததும் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிரிரசாயனத் துறைக்குள் நுழைந்தார். துறைத்தலைவர் ஒட்டோ ஃபோலின். இரத்தத்திலும் சிறுநீரிலும் என்னென்ன எவ்வளவு இருக்கின்றன என்பதை நிறத்தை வைத்து அளக்கும் முறைகளை உருவாக்கியதில் அந்தக் காலத்தின் பெரிய கை அவர். அவருடைய துறையிலிருந்த சைரஸ் பிஸ்கிடம் சுப்பாராவ் வேலைக்குச் சேர்ந்தார்.

பொஸ்பரஸை அளக்க அப்போதும் முறைகள் இருந்தன. 1920இல் பெல், டொய்சி என்ற இருவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு பிரிக்ஸ் அதைத் திருத்தினார். பொஸ்பேற்றை அமிலத்தில் மொலிப்டேற்றோடு சேர்த்து, பிறகு ஒரு தாழ்த்தும் பொருளைப் போட்டால் நீலம் வரும் என்பதுதான் அடிப்படை. சிக்கல் என்னவென்றால் நீலம் ஆறுதலாகத்தான் வரும், வந்தாலும் நிலைத்து நிற்காது, கரைசலில் இருக்கிற வேறு பொருட்கள் இடையில் புகுந்து குழப்பும். இன்றைக்குப் போல இயந்திரம் எண்ணைச் சொல்லாது. இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களின் நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிஸ்கும் சுப்பாராவும் தாழ்த்தும் பொருளை மாற்றினார்கள். அமினோநப்தோல் சல்போனிக் அமிலம் என்ற நீண்ட பெயர்க்காரன் அது. சில நிமிடங்களில் நீலம் வந்தது, நிலைத்தும் நின்றது. 1925இல் 'ஜேர்னல் ஒஃப் பயொலொஜிக்கல் கெமிஸ்ற்றி' இதழில் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் இரண்டு பேர், முதலாவது பிஸ்க், இரண்டாவது சுப்பாராவ்.

இந்த ஒழுங்கைப் பற்றிப் பிறகு வருகிறோம். அதற்கு முதல் அந்த நீலம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லவேண்டும். எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புதிய முறை கையில் இருக்கிறது. இரத்தத்தில் பார்த்தாயிற்று, சிறுநீரில் பார்த்தாயிற்று. தசையின் சாற்றில் பார்த்தபோது ஒரு விசித்திரம். நீலம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சமாக வந்து, பிறகு ஆறுதலாகக் கூடிக்கொண்டே போனது. இந்த இடத்தில் நாங்களாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'சாம்பிள் சரியில்லை' என்று ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்திருப்போம். செய்முறைக் கொப்பியில் விடை சரியாக வருகிறமாதிரி எண்ணைக் கொஞ்சம் 'சரிக்கட்டுகிற' ஆட்களும் இருக்கிறார்கள். இவர்கள் இருவரும் அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டார்கள். தசைக்குள் பொஸ்பேற் தனியாக இல்லாமல் வேறொன்றோடு கட்டுண்டு இருக்கவேண்டும், சோதனைக்குழாயின் அமிலத்தில் அந்தக் கட்டு மெல்ல மெல்ல அவிழ்கிறது, அவிழ அவிழ நீலம் கூடுகிறது. அந்த வேறொன்று கிரியற்றின். பொஸ்போகிரியற்றின் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். 1927இல் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அதே நேரத்தில் இங்கிலாந்தில் எகிள்ரன் தம்பதியும் தனியாக அதே பொருளை எட்டியிருந்தார்கள்.

இது சின்ன விசயமில்லை. தசை சுருங்குவதற்கான சக்தி இலக்ரிக் அமிலத்திலிருந்து வருகிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹோப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. இப்போது கதை பொஸ்பேற் பக்கம் திரும்பியது. 1929இல் பிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.ரி.பியையும் பிரித்தெடுத்தார்கள். ஏ.எல் உயிரியல் படித்த எல்லோரும் ஆயிரம் தடவை எழுதிய அதே ஏ.ரி.பி. ஆனால் ஜேர்மனியில் கார்ல் லோமன் சில வாரங்கள் முந்தி வெளியிட்டுவிட்டார். பாடப்புத்தகங்களில் முதலில் வருவது லோமனின் பெயர். சில புத்தகங்களில் அவருடைய பெயர் மட்டும்தான்.

சரி, இப்போது மேற்கோள் கணக்குக்கு வருவோம்.

யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கர் 1960களில் 'சயன்ஸ் சைற்றேஷன் இன்டெக்ஸ்' என்ற பெரும் அட்டவணையைத் தொடங்கினார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டியிருக்கிறது என்ற பதிவு. கூகிள் ஸ்கொலரின் தாத்தா என்று வையுங்கோ. நூலொன்றை எடுத்து அதன் பின்பக்கத்திலுள்ள பட்டியலைப் பார்த்தால் அது யாரையெல்லாம் நம்பி எழுதப்பட்டது என்று தெரியும். கார்பீல்ட் அதைத் தலைகீழாகத் திருப்பினார்: இந்த நூலை நம்பிப் பிறகு யாரெல்லாம் எழுதினார்கள்? நல்ல கேள்வி. ஆய்வாளர்கள் கட்டுரைகளைத் தேடுவதற்காகச் செய்த கருவி அது. ஆட்களுக்குப் புள்ளி போடுகிற கருவியாக அது மாறியது பிறகுதான்.

எண்ணத் தொடங்கியதும் ஒரு ஆச்சரியம் வெளியே வந்தது. உச்சியில் நின்றவை மாபெரும் கண்டுபிடிப்புகள் அல்ல, அளக்கும் முறைகள். 2014இல் 'நேச்சர்' இதழ் அதுவரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளின் பட்டியலைப் போட்டது. முதலாவது இடத்தில் ஒலிவர் லௌரியும் மூன்று பேரும் 1951இல் எழுதிய, புரதத்தின் அளவை அறியும் முறை பற்றிய கட்டுரை. 305,000 இற்கும் மேற்பட்ட மேற்கோள்கள். இரண்டாவதும் மூன்றாவதும் கூடப் புரதத்தைப் பிரிக்கவும் அளக்கவும் உதவும் ஆய்வுகூட முறைகள்தான். டி.என்.ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்த வொட்சன்–கிரிக் கட்டுரைக்கு முதல் நூறுக்குள் இடமில்லை.

லௌரியின் கதையும் சுப்பாராவின் கதைக்குப் பக்கத்து வீடுதான். லௌரி பயன்படுத்திய வினைபொருள் ஃபோலினுடையது, அதாவது சுப்பாராவின் துறைத்தலைவருடையது. மூலிகை இலைகளில் பீனோல் அளக்கிறோம் என்று ப்ரொஜெக்ற் செய்கிற பெடியள் இன்றும் வாங்குகிற ஃபோலின்–சியோகல்ரோ போத்தல் இருக்கிறதே, அதேதான். லௌரி 1937இல் இளம் ஆய்வாளராக அதே ஹார்வர்ட் துறைக்கு வந்தபோது ஃபோலின் இறந்துவிட்டிருந்தார், சுப்பாராவ் இன்னும் அங்கே இருந்தார். அங்கும் லௌரியின் முறையில் வருவது நீலம். அவர் அந்த முறையைத் தன் சொந்தத் தேவைக்கு உருவாக்கினார். ஏர்ள் சதர்லண்ட் தன்னுடைய கட்டுரைகளில் இதை மேற்கோள் காட்ட அச்சில் ஒன்று வேண்டுமே என்று கேட்டுக்கொண்டபிறகுதான் எழுதி அனுப்பினார். நீளம் கூடிவிட்டது, வெட்டுங்கோ என்று இதழ்க்காரர் முதலில் திருப்பி அனுப்பினார்களாம். அது தன்னுடைய சிறந்த வேலை அல்ல என்பதை லௌரியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரேயொரு நரம்புக்கலத்தை எடுத்து அதற்குள் இருப்பவற்றை அளக்கும் நுட்பங்கள்தான் அவர் உயிரைக் கொடுத்துச் செய்தவை. அவற்றுக்கு அந்த எண்ணின் ஒரு சின்னத் துண்டுகூட வரவில்லை.

பிஸ்க்–சுப்பாராவ் கட்டுரையும் இதே வகை. 1925இல் வந்த கட்டுரையை அரைநூற்றாண்டு கழித்தும் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஆயுள் கூடிய ஆய்வுக்கட்டுரைகள் அபூர்வம். ஆனால் அந்த மேற்கோள்கள் யாருடைய கணக்கில் விழுந்தன?

கார்பீல்டின் அச்சு அட்டவணை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை முதலாவது ஆசிரியரின் பெயரின் கீழ்தான் அடுக்கியது. இடத்தை மிச்சம்பிடிக்க வேறு வழியில்லை. ஆகவே 1925ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வந்த ஒவ்வொரு மேற்கோளும் 'பிஸ்க்' என்ற பெயரின் கீழ் போய்ச் சேர்ந்தது. சுப்பாராவ் என்று தேடினால் அந்தக் கட்டுரை கிடைக்காது. பொஸ்போகிரியற்றினும் அப்படித்தான், ஏ.ரி.பியும் அப்படித்தான், எல்லாவற்றிலும் பிஸ்க் முதலாவது. 1959இல் பார்ட்லெற் என்பவர் பிஸ்க்–சுப்பாராவ் முறையைத் திருத்தி ஒரு கட்டுரை எழுதினார். கொழுப்புகளில் பொஸ்பரஸ் அளப்பவர்கள் அதற்குப் பிறகு பார்ட்லெற்றைக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். பேரப்பிள்ளை வந்தபிறகு பாட்டனின் பெயரை யார் சொல்கிறார்கள்? ஒரு முறை எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டால் மேற்கோளே காட்டமாட்டார்கள். எங்கட அக்காவின் செய்முறைக் கொப்பியில் இருந்ததுபோல அது வெறும் பெயராக, பிறகு பெயரும் இல்லாமல் போகும். அதிகம் வெற்றிபெற்ற வேலைதான் இப்படிக் கணக்கிலிருந்து மறையும் என்பது இந்த எண்ணின் பெரிய வேடிக்கை.

பெயர் விசயத்தில் இன்னொன்று. தெலுங்குப் பெயரில் முன்னுக்கு வருவது வீட்டுப்பெயர், பின்னுக்கு வருவது ஆளின் பெயர். எல்லாப்பிரகட குடும்பம், சுப்பாராவ் ஆள். அமெரிக்கர்கள் பின்னுக்கு இருப்பதைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுப்பாராவையும் ஒரு கட்டுரையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி, ஒரே சொல்லாக, இரண்டு சொல்லாக, நடுவில் பெரிய எழுத்துப் போட்டு என்று விதவிதமாக அச்சடித்தார்கள். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எங்கட பெயரில் அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று பாஸ்போட் எடுக்கும்போதே தலையிடி. ஆய்வு இதழ்க்காரர் மகளின் பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்கிவிட்டு, ஆய்வே செய்யாத அப்பாவுக்கு மேற்கோள் வாங்கிக் கொடுப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு இது நடந்தேவிட்டது. அப்பா சந்தோசமாக இருக்கிறார்.

ஹார்வர்டில் சுப்பாராவ் 1930இல் பி.எச்.டி பெற்றார். அதற்குப் பிறகு பத்து வருடம் இருந்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் இந்தியர் ஒருவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது, 1946இல்தான் சட்டம் மாறியது. பிஸ்க் ஆய்வு முடிவுகளை வெளியிடத் தயங்குகிறவர் என்றும் பெயரெடுத்தவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிட்ச்சிங்ஸ் மாணவராக அந்த ஆய்வுகூடத்தில் இருந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை வேறு ஆட்கள் பல வருடம் கழித்துத் திரும்பக் கண்டுபிடிக்கவேண்டி வந்தது, காரணம் பிஸ்க் பொறாமையால் அவற்றை வெளியே வரவிடவில்லை என்ற அர்த்தத்தில் அவர் சொல்லியிருக்கிறார். பிஸ்கின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. பொறாமையோ, எதையும் நூறு தடவை சரிபார்க்கும் குணமோ, விளைவு ஒன்றுதான்: வெளியிடப்படாத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட ஏலாது.

1940இல் நியூ யோர்க்கின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போனார், விரைவில் அங்கு ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் நடந்தவற்றை ஒரே ஆளின் வாழ்க்கை என்று நம்புவது கஷ்டம்.

முதலில் போலிக் அமிலம். இதன் தொடக்கம் மும்பையில். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அங்கு துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச்சோகை ஏதோ ஒரு சத்துக் குறைவால் வருகிறது என்று கண்டு, மார்மைற் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். 1931இல் அதை வெளியிட்டார். (ஆம், பாணில் பூசுகிற அதே மார்மைற்.) அதற்குள் இருக்கும் சத்து எது என்று தெரிய இன்னும் பதினைந்து வருடம் எடுத்தது. லெடர்லேயில் சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவும் செய்தது. 1946இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பதினாறு ஆசிரியர்கள். பணிப்பாளரின் பெயர் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. ஏழாவது. முதல் எட்டுப் பேரையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், அடுத்த எட்டுப் பேரையும் அப்படியே. எழுத்து எங்கே விட்டதோ அங்கே நிற்கிறார். துறைத்தலைவரின் பெயர் இல்லாமல் கட்டுரையே போகாது என்ற நிலைமையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்த ஏழாவது இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது.

பிறகு போலிக் அமிலத்துக்கு எதிரான பொருட்கள். பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப்புற்றுநோய் வந்த பிள்ளைகளோடு போராடிக்கொண்டிருந்தார். போலிக் அமிலத்தை ஒத்த பொருட்களைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாகியதாக அவருக்குப் பட்டது. அப்படியென்றால் அதைத் தடுக்கிற ஒன்றைக் கொடுத்தால்? அதைச் செய்துகொடுத்தது சுப்பாராவின் ஆட்கள்: அமினோப்தெரின். 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முதல் அந்த நோய்க்கு எந்த மருந்தும் இருக்கவில்லை. புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் அந்தக் கட்டுரை ஒரு மைல்கல். ஆசிரியர்கள் ஐந்து பேர், அதில் சுப்பாராவ் இல்லை. அதே லெடர்லேயில் செய்த அமினோப்தெரினின் தம்பிதான் மெதோட்ரெக்சேற். புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு தடவையும் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டு அம்மம்மாவின் மருந்துப் பெட்டியிலும் இருக்கக்கூடும்.

ஒரியோமைசின், ரெற்றாசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்து, அதே ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகரை எழுபது வயதுக்குப் பிறகு வேலைக்கு எடுத்து மண்ணிலுள்ள பூஞ்சைபோன்ற நுண்ணுயிர்களைத் தேடவிட்டார்கள். 1948இல் அதை அறிவித்த கட்டுரையில் டகரின் பெயர் மட்டும். சரியாகச் சொன்னால் அதுதான் நியாயம், தேடியவர் அவர்தானே.

கடைசியாக, எங்கள் நாட்டோடு தொடர்புள்ள ஒன்று. 1947இல் வெளிவந்த ஒரு கட்டுரை, எலிகளிலும் நாய்களிலும் பைலேரியாப் புழுக்களை அழிக்கும் ஒரு புதிய மருந்தைப் பற்றியது. ஆறு ஆசிரியர்கள், ஆறாவது பெயர் சுப்பாராவ். மருந்தின் பெயர் டைஎதில்கார்பமசீன், சுருக்கமாக டி.ஈ.சி. யானைக்கால் நோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த நல்ல வாய்வழி மருந்து. தற்செயலாக அதே 1947இல்தான் இலங்கையில் பைலேரியா ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. எங்கட வடக்குக் கிழக்கில் இந்த நோய் பெரிதாக இல்லை. புத்தளத்திலிருந்து அம்பாந்தோட்டை வரைக்கும் மேற்கு, தெற்குக் கரையோரம்தான் அதன் பாதை, குருநாகலும் சேர்த்து எட்டு மாவட்டங்கள். இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் சுற்றும். அதனால் சுகாதார ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகப் போய், நித்திரையில் இருக்கிற ஆட்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். 2002 முதல் 2006 வரை வருடத்துக்கு ஒரு தடவை அந்த எட்டு மாவட்டங்களிலும் எல்லோருக்கும் டி.ஈ.சியும் அல்பெண்டசோலும் கொடுக்கப்பட்டன. 2016இல் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. மாத்திரையைக் கொண்டுபோன அந்த ஊழியர்களுக்கு எந்த அட்டவணையிலும் மேற்கோள் இல்லை. மாத்திரையை விழுங்கிய இலட்சக்கணக்கானோரில் யாரும் ஆறாவது பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

சுப்பாராவ் 1948 ஓகஸ்டில், 53 வயதில், நித்திரையிலேயே இறந்துபோனார். ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'புகழை விரும்பாத துறவி' என்று எழுதுகிறார்கள். இளமையில் துறவியாகப் போக நினைத்தவர்தான், ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் மனம் போனவர்தான். தன் பெயரைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொண்டவர் என்பதற்கு அந்த ஏழாவது இடம் சாட்சி. ஆனால் எங்களுக்கு இந்தக் கதையை முழுதாக விழுங்க முடியவில்லை. லெடர்லேயில் அவர் விட்டுக்கொடுத்தார், சரி. ஹார்வர்டில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தபோது அவர் விட்டுக்கொடுத்தாரா, விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டாரா? பதவியில் இருக்கிறவர் பெயரைப் பின்னுக்குப் போடுவதும், பதவி இல்லாதவரின் பெயர் பின்னுக்குப் போவதும் தாளில் ஒரே மாதிரித்தான் தெரியும். துறவி என்று ஒரு சொல்லைப் போட்டு மூடினால் இரண்டாவது விசயம் மறைந்துபோகும்.

துறவு என்றால் இன்னொருவருக்கும் அதில் பங்குண்டு. பொஸ்டனுக்குப் போனவர் ஒருநாளும் ஊர் திரும்பவில்லை. இந்தா வருகிறேன், இந்த ஆராய்ச்சி முடியட்டும், இந்த யுத்தம் முடியட்டும் என்று கால் நூற்றாண்டு போனது. அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தையும் அவர் போன கொஞ்சக்காலத்தில் இறந்துவிட்டது. தகப்பன் அந்தப் பிள்ளையைப் பார்த்ததேயில்லை. சேஷகிரி கணவனைத் திரும்பக் காணவேயில்லை. கடல்கடந்து போனவருக்காகக் காத்திருந்த பெண்களை எங்கட ஊரில் தெருவுக்கு ஒருவராவது தெரியும். நாங்கள் இந்தக் கட்டுரைக்காக வாசித்தவற்றில் அவருக்கு இரண்டு, மூன்று வரிக்கு மேல் எங்கும் இல்லை.

1995இல், நூற்றாண்டுக்கு, இந்தியா சுப்பாராவுக்கு முத்திரை வெளியிட்டது. அதற்கு நீண்டகாலம் முதலே, 1953இல், லெடர்லேயில் வேலை செய்த பூஞ்சை ஆய்வாளர் ஹெசல்ரைன் தான் கண்ட புதிய பூஞ்சையினம் ஒன்றுக்குச் 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். உயிரின வகைப்பாட்டில் ஒரு மரபு உண்டு: ஒரு இனத்தின் பெயரை முழுமையாக எழுதும்போது, அதை முதலில் விவரித்தவரின் பெயரையும் பக்கத்தில் சேர்த்து எழுதவேண்டும். ஆகவே அந்தப் பூஞ்சையை முறைப்படி எழுதினால் 'சுப்பாரோமைசிஸ் ஹெசல்ரைன்' என்று வரும். அங்கேயாவது அவருடைய பெயர் முதலாவது. இதைச் சொன்னபோது எங்கட அக்கா, "பாத்தியளா, கடைசியில திரும்பவும் ஆளை ஏதோ ஒரு பொருளாத்தான் ஆக்கிப்போட்டாங்கள்" என்றார்.